கரும்புத் தொட்டில் புடவை

ஆஸ்பத்திரி ஜன்னலில் மலையின் ஒரு தோள் மட்டும் தெரிந்தது. பச்சை கவுன் மாட்டிய அன்புச்செல்வி கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளவரசன் பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள் அவள். மூத்தவள் இனியா, அடுத்து ஆண், போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும்தான் சொன்னாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இளவரசன் போய்விட்டான். நான்கு வயது. அன்றைக்குக் கட்டிய கருக்குழாயை மறுபடி சேர்க்க இன்று வந்திருக்கிறாள்.

"திறந்து பார்த்தாத்தாம்மா தெரியும்," என்று டாக்டர் நிவேதா முன்பே சொல்லியிருந்தார். "போதுமான நீளம் மிச்சம் இருந்தா சேர்ப்பேன். இல்லன்னா அப்படியே மூடிடுவேன். சேர்த்தாலும் கரு நிக்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

நர்ஸ் வந்து, எத்தனை குழந்தை என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு," என்றான் புருஷன் பாலாஜி.

"ரெண்டு," என்றாள் அன்புச்செல்வி.

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"பொடவைய எடுத்தாரச் சொன்னேனே, எங்க?"

பாலாஜி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சிவப்புக் கரை போட்ட மஞ்சள் நூல் புடவை. தீபத் திருவிழாவில் அதைக் கரும்பில் தூளியாகக் கட்டி, உள்ளே மூன்று மாதத்து இளவரசனைப் படுக்க வைத்து, முன்னால் பாலாஜி, பின்னால் அவள் என்று தோளில் சுமந்து மாட வீதி சுற்றியிருந்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் கரும்புத் தொட்டில் எடுக்கிறோம் என்ற வேண்டுதல். பிறகு பிள்ளை தூங்கியதெல்லாம் அந்தத் தூளியில்தான். அவன் போன பிறகு அதைத் தண்ணீரில் நனைக்காமல் பெட்டியில் வைத்திருந்தாள்.

முகத்தில் வைத்தாள். சோப்பு வாசனை.

"யாரக் கேட்டுத் தொவைச்சீங்க?"

"சாமிக்கு எடுத்த பொடவை. அழுக்கா கீதுன்னு..."

"வர்றத இதுல போடலாம்னு பாத்தீங்களா? அவன தொவைச்சு அனுப்பிட்டு, அவன் எடத்துல இன்னொண்ணா?"

அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். "எனக்கு ஆபரேஷன் வேணாம் சிஸ்டர். டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"நல்லா யோசிச்சுக்கம்மா. வேணாம்னா உன்ன யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு நர்ஸ் டாக்டரைத் தேடிப் போனாள்.

பாலாஜி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஆட்டோ ஓட்டிக் காய்த்துப்போன உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ வூட்ல இல்லாதப்பலாம் நானும் எடுத்து மோந்துனு இருந்தேன் அன்பு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தை மாசத்துலயே கம்மியாயிடுச்சி. அப்புறம் ஒண்ணுமே இல்ல. வெறும் பெட்டி வாசனைதான். இன்னிக்கு நீ கேட்டு எடுத்தாந்து, இங்க மோந்து பாத்து, பையன் வாசனை இல்லன்னு நீயா கண்டுபுடிச்சா தாங்குவியா? நான் தொவைச்சுட்டேன்னு என்னத் திட்டிட்டாவது போ. அதான்."

அவள் மறுபடி புடவையை முகத்தில் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை. தைக்குப் பிறகும் எத்தனையோ தடவை அதை மோந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் வாசனை வந்தது என்று தன்னையே நம்பவைத்திருந்தாள்.

"எனக்கும் தெரியும்," என்றாள் கடைசியில், துணிக்குள்ளிருந்தே.

டாக்டர் நிவேதா வாசலில் வந்து நின்றார். "வேணாம்னு சொன்னியாம்மா?"

அன்புச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பண்ணுங்க மேடம். ஆனா இவருக்கு ஒண்ணு சொல்லணும்." அவன் பக்கம் திரும்பினாள். "இது இளவரசனுது. அவனுக்கே இருக்கட்டும். இன்னொண்ணு வந்தா, அதுக்குப் புதுசு வாங்கணும். பேரும் புதுசு."

"சரி."

"வரலன்னா..."

"வரலன்னா இனியா கீறா. நீ கீற."

அவளை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்தது. அவன் புடவையைப் பைக்குள் திணிக்கப் போனான்.

"பையில வேணாம். தோள்ல போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டான். முன்பு கரும்பைத் தாங்கிய அதே வலது தோளில். கதவு வரைக்கும் வண்டியின் முன்னால் நடந்து வந்தான்.