ஹபீலின் சொந்தக் கருத்து

கண்டிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் உள்ள திகனயில் ‘கங்கைக்கரைச் செய்தி’ என்று ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்த காலம் அது. நாலே பக்கம். முதல் பக்கத்தில் மழை, இரண்டாம் பக்கத்தில் யாருடைய மாடு யாருடைய தோட்டத்தில் மேய்ந்தது என்ற விவரம், மூன்றாம் பக்கத்தில் மரண அறிவித்தல். கடைசிப் பக்கத்தில் ‘நமது கருத்து’ என்று ஆசிரியர் ஹபீல் எழுதுவார். அத்தனை வருஷமாக எழுதிய கருத்துகளில் ஒன்றையாவது கருத்து என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்ல முடியாது. ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, வேண்டாம் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்று தொடங்குவார். காலம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முடிப்பார்.

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்வீட்டோடு போய் இருப்பது அந்த ஊர் முஸ்லிம்களின் வழக்கம். அதனால் ஹபீல் படுப்பதும் உண்பதும் மாமனார் பளீல் ஹாஜியாரின் வீட்டில். அச்சு யந்திரம் நிற்பதோ பாரூக் முதலாளியின் கருவாட்டுக் கடைக்குப் பின்னால் உள்ள அறையில். பத்திரிகை முழுக்கக் கருவாடு மணக்கும். திகனப் பூனைகள் அதை மனிதர்களைவிட ஆவலோடு எதிர்பார்த்தன. இரவுக்கு ஒருவர் தயவு, பகலுக்கு இன்னொருவர் தயவு. இதில் சொந்தமாகக் கருத்து வைத்துக்கொள்ள இடம் எங்கே இருக்கிறது?

அந்த வருஷம் ஐப்பசியில் ஊர்ச்சபைத் தேர்தல் வந்தது. ஒரே ஓர் இடம், இரண்டே பேர் போட்டி. ஒருவர் பளீல் ஹாஜியார், மற்றவர் பாரூக் முதலாளி. செய்தியை அச்சுக் கோக்கும்போதே ஹபீல் இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் வைத்தார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க வேண்டுமே, அதற்காக அப்போது நிறப்பெட்டி வைப்பார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். கொடுக்கும் சீட்டை மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வேண்டிய நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். குலுக்கல் போட்டதில் ஹாஜியாருக்குப் பச்சை விழுந்தது, முதலாளிக்குச் சிவப்பு.

அன்று இராச்சாப்பாட்டில் ஹாஜியார் வழக்கம்போல் மீன்தலையைத் தன் பீங்கான் தட்டுக்கு இழுத்துக்கொண்டார். ஹபீல் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மீன்தலை ஹாஜியாருக்குத்தான். அதை உறிஞ்சிக்கொண்டே மருமகனின் கடைசித் தலையங்கத்தில் என்னென்ன பிழை என்று சொல்வதும் வழக்கம். அன்று மட்டும் குரலில் தேன் வடிந்தது.

“மருமவன், பச்சைக்கு ஏத்தாப்போல ஒரு யோசன சொல்லுங்க பாப்பம். நீங்க படிச்ச மனுசன்.”

ஹபீலின் பார்வை மூலையில் இருந்த வெற்றிலை வட்டாவில் விழுந்தது. “வெத்தில மாமா! வெத்தில பச்சைதானே. ஆளுக்கொரு வெத்தில குடுத்து, இந்த நெறத்துல போடுங்கன்டு சொன்னா, ஆரும் மறக்க மாட்டாங்க.”

ஹாஜியார் பூரித்துப்போனார். மறுநாளே வீடு வீடாக வெற்றிலை போயிற்று. சந்தியில் வெற்றிலை விற்கும் சுப்பம்மாவின் கூடை மத்தியானத்துக்குள் காலி. சுப்பம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்தவள். தோட்டத்துச் சனங்களுக்கு அப்போது வோட்டுக் கிடையாது, அவளுக்கும் இல்லை. “வோட்டு இல்லாட்டி போகுதுங்க. இந்த எலெக்சன்ல கெலிக்கப் போறது நாந்தான்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் பொறுத்து பாரூக் முதலாளி கருவாட்டு மூட்டைகளைத் தாண்டி அச்சறைக்குள் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“தம்பி, ஒங்கட மாமா வெத்திலய வச்சே ஊரப் புடிச்சிட்டாரு. எனக்கும் ஒண்டு சொல்லுங்களேன். செவப்புல என்ன ஈக்குது? செம்பருத்தியக் குடுத்தா ஆடுதான் திங்கும்.”

ஹபீல் யோசித்தார். யோசனை வரவில்லை. முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பளிச்சிட்டது. வெற்றிலை கையில் இருக்கும்வரைதான் பச்சை. மென்றுவிட்டால்?

“முதலாளி, நீங்களும் வெத்திலயே குடுங்க. பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் வச்சி மடிச்சிக் குடுங்க. மென்டு போட்டு வாயக் கண்ணாடியில பாக்கச் சொல்லுங்க. என்ன நெறம்?”

முதலாளி ஹபீலைக் கட்டிப்பிடித்தார். ஹபீலுக்குக் கருவாட்டு வாடையிலும் பெருமை பொங்கியது. ஒரே இலையை இரண்டு பக்கத்துக்கும் விற்ற ஆள் இந்தக் கண்டிச் சீமையிலேயே தான் ஒருவன்தான் என்று மகிழ்ந்தார். பாவம்.

அதன்பிறகு திகனயில் வெற்றிலை போடாத வாயே இல்லை. சுப்பம்மா குண்டசாலையிலிருந்தும் வண்டியில் கட்டுக்கட்டாக இறக்குவித்தாள். காலையில் பச்சைக்காரர் கொடுத்ததை வாங்கி, மத்தியானம் சிவப்புக்காரர் கொடுத்ததோடு சேர்த்து மென்றார்கள். பால்குடி மறக்காத பிள்ளைகளையும் ஹபீலையும் தவிர ஊரே குதப்பிக்கொண்டு திரிந்தது. ஹபீல் எந்தக் காலத்திலும் வெற்றிலை தொட்டவரல்ல. பத்திராதிபருக்குப் பல் வெள்ளையாக இருக்க வேண்டும், தாளைத் தொடும் விரல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருக்கு இருந்த ஒரே கொள்கை அதுதான்.

தேர்தல் நெருங்க நெருங்க இரண்டு பெரியவர்களுக்கும் சூடு ஏறியது. ஹாஜியார் சோற்றுப் பீங்கானைத் தட்டிச் சொன்னார்: “என்ட சோத்தத் தின்டுட்டு ஆராவது செவப்புல போட்டா, அவன்ட தலவாணி ரோட்டுல கெடக்கும்.” முதலாளி அச்சு யந்திரத்தைத் தட்டிச் சொன்னார்: “பச்சைக்குப் போட்டவன்ட மெசின் ஒண்டும் என்ட கடைக்குள்ள ஈக்காது, தம்பி. ஒங்கள சொல்லல்ல. பொதுவா சொன்னேன்.”

ஹபீல் இரண்டு பேரிடமும் “இன்ஷா அல்லாஹ்” என்றார். மனதுக்குள் ஒரே ஆறுதல், வாக்கு இரகசியமானது. மறைப்புக்குப் பின்னால் நடப்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த வார ‘நமது கருத்து’ முழுக்க இரகசிய வாக்கின் மேன்மையைப் பற்றி இருந்தது. எழுதும்போதே கண் கலங்கியது.

தேர்தல் அன்று விடியற்காலையிலேயே மழை. பள்ளிக்கூடத்தில்தான் வாக்கெடுப்பு. கண்டிக் கச்சேரியிலிருந்து, அதாவது அரசாங்க அலுவலகத்திலிருந்து, சுந்தரலிங்கம் என்ற உத்தியோகத்தர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், சட்டப் புத்தகத்தை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசையாதவர். வாசலில் நின்ற கூட்டத்தின் வாய்களைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“வெத்திலையோட ஒருத்தரும் உள்ளுக்க வரக்கூடாது. இப்பதான் சுவருக்கு வெள்ளை அடிச்சுக் கிடக்கு. வெளியில துப்பிப்போட்டு வாருங்கோ!”

கச்சேரி ஐயா சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் வாசலில் துப்பிவிட்டு, கச்சேரி ஐயாவின் முன்னால் ஒழுகும் வாயோடு நிற்பது மரியாதையல்ல என்று பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கடைவாயை நன்றாக வழித்துக்கொண்டு உள்ளே போனார்கள். பெண்கள் வரிசையிலும் அப்படியே. மழையில் நனைந்த கை, வழித்த விரல், அந்த விரலால் வாங்கிய சீட்டு. பச்சைக்காரர், சிவப்புக்காரர் எல்லாருக்கும் ஒரே விரல்தான்.

ஹபீல் அன்று சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். சலவைச் சட்டை, தொப்பி. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார். அங்கே பச்சைப் பெட்டி, பக்கத்தில் சிவப்புப் பெட்டி. யாருமே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய கருத்தை ஒருவர் கேட்கிறார், கேட்பதும் பேசாத பெட்டி.

பச்சைப் பெட்டியை நோக்கித்தான் கை போனது. அப்போது ஏனோ அந்த மீன்தலைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அத்தனை வருஷத்து மீன்தலை. ஒவ்வொன்றோடும் “இந்த வரி சரியில்ல மருமவன்”. ஹபீல் இடமும் வலமும் பார்த்தார். சீட்டைச் சிவப்புப் பெட்டிக்குள் தள்ளினார்.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. பறக்கலாம் போலிருந்தது. வெளியே வரும்போது முகத்தைப் பழைய தலையங்க முகமாக மாற்றிக்கொண்டு, மாமாவுக்கு ஒரு சலாம், முதலாளிக்கு ஒரு சலாம், இரண்டும் ஒரே அளவாக வைத்தார்.

பின்னேரம் எண்ணும்போது பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. சுந்தரலிங்கம் பச்சைப் பெட்டியைத் திறந்தார். முதல் சீட்டை எடுத்து விரித்தவர் புருவத்தை நெரித்தார். வெள்ளைத் தாளின் நடுவே செக்கச்செவேலென்று ஒரு பெருவிரல்.

“இது செல்லாது.”

அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும். ஹாஜியார் எழுந்துவிட்டார். “என்னங்கய்யா இது? ஊரு முழுக்க செல்லாதா?”

சுந்தரலிங்கம் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். “வாக்களிச்ச ஆள் ஆர் எண்டு கண்டுபிடிக்கிற மாதிரி சீட்டில குறி ஒண்டும் இருக்கக்கூடாது. இரகசிய வாக்கு. இது கைரேகை. இதைவிடக் குறி வேற என்ன வேணும்? நானெண்டால் பொலிசுக்குக் குடுத்து ஆளையே பிடிப்பன்.”

பச்சைப் பெட்டி முழுக்கச் சிவந்த விரல்கள். செல்லுபடியானது ஒன்றுகூட இல்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹபீல் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு மெல்ல மெல்ல ஒரு விஷயம் விளங்கிக்கொண்டிருந்தது. ஊரிலே எல்லா விரலும் சிவப்பு. சிவக்காத விரல் ஒன்றே ஒன்று. அந்த விரல் இப்போது அவருடைய சட்டைப் பைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

சிவப்புப் பெட்டி திறக்கப்படும்போது ஹபீல் கூட்டத்தை முட்டி மோதிக்கொண்டு வெளியே ஓடினார். சுப்பம்மாவின் கூடையில் கைவிட்டு வெற்றிலைகளை அள்ளி, சுண்ணாம்பை வாரிப் பூசி, பாக்கோடு வாய்க்குள் திணித்தார். நாக்கு வெந்தது. கண்ணீர் கொட்டக் கொட்ட மென்றுகொண்டே திரும்பி வந்தார்.

உள்ளே சுந்தரலிங்கம் “செல்லாது, செல்லாது” என்று சொல்லிக்கொண்டே போய், பெட்டியின் அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நிறுத்தினார். முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“சவர்க்கார வாசம். ஒரு குறியும் இல்லை. இது செல்லும். சிவப்புக்கு ஒண்டு, பச்சைக்கு ஒண்டுமில்லை. பாரூக் அவர்கள் ஒரு வாக்கால வெண்டிட்டார்!”

பாரூக் முதலாளி துள்ளிக் குதித்தார். பிறகு நின்றார். “ஆரு அந்த மகராசன்?” என்றார். அதையேதான் எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஹபீலைப் பார்த்தார்கள். அவர் வாயும் சிவப்புத்தான். கன்னம் உப்பி, மோவாயில் சாறு வழிய, பெரிய மனுஷத்தனமாகக் குதப்பிக்கொண்டிருந்தார். ஒரு கணம் தப்பித்தாற்போலவே இருந்தது.

அப்போதுதான் சுப்பம்மா ஜன்னலுக்கு வெளியிலிருந்து கவலையோடு கேட்டாள்: “ஐயாவுக்கு நாக்கு எப்படிங்க இருக்கு? மொதத் தடவையா போடுறீங்க, சுண்ணாம்பு கொஞ்சமா வையுங்கனு சொல்லச் சொல்ல வாரிப் பூசிட்டீங்களே!”

காலையில் சுத்தமாக இருந்த விரல் யாருடையது என்று பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. பளீல் ஹாஜியார் மருமகனை மேலும் கீழும் பார்த்தார். கோபமே இல்லாத குரலில் கேட்டார். அதுதான் ஹபீலை நடுக்கியது.

“மருமவன், ராவைக்கு எங்க படுக்கப் போறீங்க?”

வாய் நிறைய வெற்றிலை. அதோடேயே ஹபீல் அச்சறைப் பக்கம் நடந்தார்.

அச்சறையில் காகிதக் கட்டுகளின் மேல் ஹபீல் உட்கார்ந்திருந்தார். பாரூக் முதலாளி வந்து தோளில் தட்டி, யந்திரம் உலகம் முடியும் கியாமத்து நாள்வரைக்கும் அங்கேயே நிற்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தோஷம்தான், ஆனால் யந்திரத்தோடு குடும்பம் நடத்த முடியாதே. எத்தனையோ வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கருத்துச் சொன்னோம், அதையும் ஊரே எண்ணிப் பார்த்துவிட்டதே என்று அவருக்கு அழுகை வந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மனைவி கைரியா வந்தாள். ஒரு கையில் தலையணை, மறு கையில் சோற்றுப் பொதி. தலையணையைக் கருவாடு படாத இடமாகப் பார்த்து வைத்தாள். பொதியை அவிழ்த்தாள். சோற்றின் மேல் முழுசாக ஒரு மீன்தலை இருந்தது.

“வாப்பா இன்டைக்குச் சாப்பாடே வேணாமென்டு படுத்துட்டாரு” என்றாள். “அதான் மிச்சம்.”

ஹபீல் தலையைக் குனிந்துகொண்டார். “கைரியா, ஒன்ட வாப்பாவ நான் தோக்கடிச்சிட்டேன். நீயும் என்ன ஏசு.”

“என்னத்துக்கு ஏசுற? வாப்பா சபைக்குப் போனா நாளுக்கு நாள் வீட்டுல கூட்டம் கூடும். வாற போற ஆக்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்துற ஆரு? நான்தானே.” அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். பெருவிரல் நுனி இன்னும் சிவப்பாக இருந்தது. “என்ட சீட்டும் செவப்புப் பெட்டியிலதான் கெடந்திச்சி.”

ஹபீல் வாயைப் பிளந்தார். வெந்த நாக்கு காற்றுப் பட்டு எரிந்தது.

“அப்ப ரெண்டு பேரும் ஒரே குத்தம் செஞ்சி, நான் மட்டும் கருவாட்டுக் கடையிலயா?”

“நான் வெத்தில போடுறனே, அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் கைரியா. “வெள்ளிக்கெழம வாப்பாட கோவம் எறங்கிரும். அது வரைக்கும் இங்கயே படுங்க. மீன் ஆறுது, தின்னுங்க.”

அவள் போனபின் ஹபீல் மீன்தலையைக் கடைசி முள்வரைக்கும் உறிஞ்சித் தின்றார். யாரும் எந்த வரியையும் திருத்தவில்லை. அடுத்த வாரம் ‘நமது கருத்து’ வெற்றிலை போடுவதன் நன்மைகளைப் பற்றி வந்தது. அதற்கு மறுபக்கமும் உண்டு என்று அவர் எழுதவில்லை.