ஹார்லோவை நம்பிப் போட்ட திட்டம்

அமெரிக்காவின் மேற்குக் கான்சஸில் எங்கள் மூன்று ஊர் ஆஸ்பத்திரிகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. சூறாவளியோ விபத்தோ வந்தால் யார் யாருக்கு எப்படிக் கைகொடுப்பது என்று திட்டம் போடுவதுதான் என் வேலை. ஆனால் ஒருவர் நோயாளியை இன்னொருவர் இழுத்துக்கொள்கிறார் என்று அவர்களுக்குள் பழைய பகை. ஒருவழியாக ஏப்ரலில், மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் கூடினோம்.

பேச்சு நன்றாகவே போனது. பலத்த காயம்பட்டவர்களை, மூன்றில் பெரிய ஆஸ்பத்திரியான ஹார்லோவுக்கு அனுப்புவது என்று முடிவானது. அறுவைசிகிச்சை அங்கே மட்டும்தான் நடந்தது. ரத்தமும் ஹார்லோவிலிருந்து, கூடுதல் டாக்டர்களும் ஹார்லோவிலிருந்து என்று நான் திட்டத்தை எழுதிய பலகை நிரம்பிக்கொண்டே வந்தது. ஹார்லோவின் நிர்வாகி வெர்லின் ஸ்டக்கி மட்டும் வாயே திறக்கவில்லை. பக்கத்து ஊர்த் தலைமை நர்ஸ் நோரீன் அவரைச் சீண்டினாள்.

"என்ன வெர்லின், எல்லாத்தையும் உங்க தலையில கட்டறோம்னு கோவமா?"

வெர்லின் நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எங்களை நம்பாதீங்க நோரீன். ஜூன்ல ஹார்லோவை மூடறாங்க. வெளிய சொன்னா என் வேலை போயிடும். சொல்லிட்டேன்."

காதில் விழுந்தது, ஆனால் எனக்கு உறைக்கவில்லை. நோரீனின் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிருந்தது. பலகையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்போ வயிறு கிழிஞ்சு ஒருத்தன் வந்தா, நான் எங்க கொண்டு போறது?"

"விச்சிட்டா பெரியாஸ்பத்திரிக்கு."

"மூணு மணி நேரம் வெர்லின்."

அவர் தலையாட்டினார்.

பலகையை அழிக்க எனக்குக் கை வரவில்லை. நோரீன்தான் எழுந்து போய் அழித்தாள். ஹார்லோ இல்லாமல் முதலிலிருந்து தொடங்கினோம். ஹார்லோவின் அறுவை டாக்டர்களில் யாரைக் கேட்டால் ஊரைவிட்டுப் போகாமல் இங்கேயே சேருவார் என்று வெர்லின் சொன்னார். மூடப்போவதை வெளியே சொன்னதற்காக மறுவாரமே வெர்லினை வேலையிலிருந்து தூக்கினார்கள். அவர் சொன்ன டாக்டர் நோரீனின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே சின்னதாக ஓர் அறுவை அறையும் தயாரானது.

செப்டம்பரில் கோதுமைக் கிடங்கு ஒன்று தூசியில் தீப்பற்றி வெடித்தது. நோரீனின் அறுவை அறையில் நான்கு பேர் பிழைத்தார்கள். ஐந்தாமவனின் தீக்காயத்துக்கு அங்கே வழியில்லை. விச்சிட்டா போகும் வழியிலேயே அவன் இறந்துவிட்டான். தொண்டராக அந்த ஆம்புலன்ஸை ஓட்டியவர் வெர்லின். சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். மற்ற நான்கு பேரும் பிழைத்தார்களா என்று கேட்டார்; பிழைத்தார்கள் என்றேன்.