பத்தாவது ஆள்

கணக்குப் புதிர்கள் நிறைந்த அந்தப் புத்தகம் வந்ததிலிருந்து ஏரிக்கரை ஊர்களில் ஏமாறுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அரிசி மூட்டை அடுக்கைப் பார்த்தே எண்ணிக்கை சொல்லவும், வியாபாரியின் எண்ணெய்ப் படியைச் சரிபார்க்கவும் ஆட்கள் உண்டானார்கள். ஊர்த்தலைவர் மகோபெய் கியோத்தோவில் வாங்கிவந்த பிரதி கைபட்டுக் கைபட்டு ஓரமெல்லாம் கறுத்துவிட்டது.

அதில் ஊருக்கு மிகவும் பிடித்தது சிற்றன்னைக் கணக்கு. ஒருத்தி தன் பிள்ளைகளையும் மூத்தாள் பிள்ளைகளையும் வட்டமாக நிறுத்தி, பத்தாவதாக வருகிற பிள்ளையை ஒவ்வொன்றாக விலக்குகிறாள். கடைசியில் மிஞ்சுகிறவனுக்குத்தான் வீடு. மூத்தாள் பிள்ளைகளே விலகும்படி அவள் பார்த்து நிறுத்தியிருக்கிறாள். அவர்களில் ஒருவன் மட்டும் மிஞ்சியபோது, இனி தன்னிலிருந்து எண்ணச் சொல்கிறான். எண்ணினால் அவள் பிள்ளைகள் அத்தனை பேரும் விலகிப்போகிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் ஊரில் இல்லை.

சிரிப்பெல்லாம் அந்த ஆண்டு ஆலங்கட்டி மழையோடு போயிற்று. நெல் மண்ணோடு மண்ணானது. வரி அரிசி மட்டும் ஒரு பிடி குறையவில்லை. மகோபெய் உட்படப் பன்னிரண்டு குடும்பத்துக்காரர்கள் சேர்ந்து, குறைக்கச் சொல்லி மனு எழுதினார்கள். முன்னின்றவனுக்குத் தலை போகும் என்பதால், யார் முன்னின்றது என்று தெரியாமலிருக்கப் பெயர்களை வட்டமாக எழுதுவது வழக்கம். மூன்று சிறு பிள்ளைகளை வைத்திருந்த கிசுகே மட்டும் தயங்கினான்.

"வட்டத்துல முதல் ஏது, கடைசி ஏது? தைரியமா போடுடா," என்றார் மகோபெய்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் கல்யாணமே பண்ணினேன். அதுலேருந்தே இன்னும் மீளல," என்று முனகிக்கொண்டே கிசுகே தன் பெயரைப் போட்டான்.

வரி அதிகாரி இனகி வந்து இறங்கினார். வயிறு நிறைந்தவர்களுக்கே உரிய பொறுமை அவருக்கு நிறைய இருந்தது. பன்னிரண்டு பேரையும், தாளில் இருந்த வரிசைப்படியே முற்றத்தில் வட்டமாக உட்காரவைத்தார். பெண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

"மேலிடத்துக்கு ஒரு தலை வேணும். பத்துப் பத்தா எண்ணுவோம். பத்தாவது ஆள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். கடைசியா மிஞ்சுறவன்தான் தூண்டிவிட்டவன்," என்றார். "யார்கிட்ட ஆரம்பிக்கலாம், தலைவரே? நீங்களே சொல்லுங்க."

மற்றவர்களுக்கு அது தலையெழுத்து. மகோபெய்க்கு அது கணக்கு. யார் பெயரைச் சொன்னாலும் அவர் வேறொருவனைக் கொல்கிறார். எல்லோரையும் எழுதவைத்தது தான்தான், தானே போய்விடுவதுதான் முறை என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் 'நான்தான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. எண்ணிக்கையே அதைச் சொல்லட்டும் என்று விட்டார். தொடைமேல் விரல்கள் மணிச்சட்டத்தில் ஓடுவதுபோல் ஓடின. நாலு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தவனிடம் தொடங்கினால், கடைசியில் மிஞ்சுவது அவர்.

"கிசுகேகிட்டேருந்து," என்றார்.

கிசுகே நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

இனகியுடன் வந்த எழுத்தர் எண்ண எண்ண, ஒவ்வொருவராக எழுந்து திரும்பிப் பாராமல் போனார்கள். கடைசியில் இருவர் மிஞ்சினார்கள், கிசுகேயும் மகோபெயும். அடுத்த எண்ணிக்கை மகோபெயிடம் தொடங்க வேண்டும். பத்து கிசுகேமேல் விழும், அவன் வீட்டுக்குப் போவான். மகோபெய் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

இனகி அவர் காதருகே குனிந்தார். "நானும் அந்தப் புத்தகம் படிச்சவன்தான்யா. நீ போயிட்டா அடுத்த வருஷம் அரிசியை யார் வசூல் பண்ணித் தருவா?" பிறகு நிமிர்ந்து எழுத்தரிடம் உரக்கச் சொன்னார்: "இந்தத் தடவையும் கிசுகேகிட்டேருந்தே எண்ணு."

பத்து மகோபெய்மேல் விழுந்தது.

"தூண்டிவிட்டது நான்தான்," என்று மகோபெய் எழுந்து கத்தினார். "ஐயா, நான்தான். அவனை விட்டுடுங்க."

"கணக்கு அப்படிச் சொல்லலையே," என்றார் இனகி.

கிசுகேயின் தலையை வெட்டி ஆற்றங்கரையில் பார்வைக்கு வைத்தார்கள். தலைவர் கணக்குப் போட்டுத் தப்பித்துக்கொண்டார் என்று ஊர் பேசியது. காதருகே சொன்னது யாருக்குக் கேட்டது? கிசுகேயின் பெயரை மகோபெய் சொன்னதுதான் எல்லோருக்கும் கேட்டது; தப்பிய பிறகு அவர் கத்தியதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பொறுக்கமாட்டாமல் மகோபெய் பன்னிரண்டு சோயாக்கொட்டைகளை எடுத்துக்கொண்டு கிசுகேயின் மனைவி ஒஷிமோவிடம் போனார். பாயில் வட்டமாக வைத்து, ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினார்.

"பாரும்மா, நான்தானே மிஞ்சுறேன். அதிகாரிதான் கடைசில மாத்திட்டார். நான் சாகத்தான் கணக்குப் போட்டேன்."

ஒஷிமோ குறுக்கே பேசாமல் முழுவதையும் பார்த்தாள். இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். எண்ணினார்.

"கணக்கு சரியாத்தான் வருது," என்றாள். "இவ்வளவு கணக்குப் போட்ட நேரத்துல, நான்தான்னு அந்த ஒரு வார்த்தையை முதல்லயே சொல்லியிருக்கலாமே."

உள்ளே பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள். ஒஷிமோ பாயிலிருந்த கொட்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, கழுவி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் போட்டாள்.