தொடாதே என்ற பயனர்

எழுபத்தொரு சதவீதத்தில் அது மறுபடியும் நின்றது.

ஒவ்வொரு முறையும் அங்கேதான். நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். எண் ஏறும். எழுபத்தொன்றைத் தொட்டதும் மூச்சு முட்டினாற்போல் நிற்கும். பிறகு கணினி தானாக அணைந்து எழும். ‘புதுப்பிப்பை முடிக்க முடியவில்லை. மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம். கணினியை அணைக்க வேண்டாம்.’ ஏறின படியெல்லாம் இறங்கிப் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவன் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரவில்லை. மனைவி செத்ததிலிருந்து கோபம், பசி, தூக்கம் எதுவும் அவனிடம் நேரத்துக்கு வருவதில்லை.

ஆனால் நாளைக் காலை மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்பி வரைபடம் போடுகிறவன் அவன். எந்தத் தூணுக்குள் எத்தனை கம்பி, எந்த உத்தரத்தில் எங்கே வளைவு என்று கோடு கோடாகப் போடுகிற வேலை. பழைய இயங்குதளம் உள்ள கணினிகள் நாளை முதல் அலுவலக இணைப்புக்குள் நுழைய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே நீண்ட விடுப்பில் போனவன். இன்னொரு சாக்குச் சொல்ல அவனுக்கு முகம் இல்லை.

காலையிலிருந்து வழக்கமான வைத்தியமெல்லாம் பார்த்தாயிற்று. புதுப்பிப்புச் சேவையை நிறுத்தினான். அரைகுறையாக இறங்கிக் கிடந்த கோப்புகளைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினான். கறுப்பு ஜன்னலில் கட்டளை அடித்து, உள்ளே எந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று சோதித்தான். எதுவும் கெடவில்லை என்று சத்தியம் செய்தது. பிரிண்டரைக் கழற்றினான். வைரஸ் தடுப்பை எடுத்தான். எழுபத்தொன்று.

கடைசியில் பிழைப்பதிவைத் திறந்தான். பக்கம் பக்கமாக எழுத்து. நடுவில் ஒரே ஒரு வரி. பயனர் கோப்புறையை இடம்பெயர்க்க இயலவில்லை: தொடாதே.

அதைப் படிக்காமலே அவனுக்கு அது தெரியும். முதல் தடவை நின்றபோதே தெரியும்.

‘தொடாதே’ என்பது அவள் வைத்த பெயர். வீட்டுக்கு ஒரே கணினி. அதில் அவன் ஒரு பயனர், அவள் ஒரு பயனர். அவள் பிசியோதெரபிஸ்ட். ஒவ்வொரு நோயாளிக்கும் தேவையான பயிற்சியைத் தானே செய்து காட்டி வீடியோ எடுத்து அனுப்புவாள். வீடியோ பெருகி, கணினியின் சேமிப்பு வட்டு நிறைந்தது. தன் கல்லூரிக் காலத்துக் கணினியிலிருந்து பெரிய பழைய வட்டு ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தாள்.

“எனக்கு வேகம் வேண்டாம். இடம்தான் வேணும். போடு இதுல, கம்பிக்காரா.”

அவன் அவள் கோப்புறையை அந்த வட்டுக்குத் தூக்கிவைத்து, பழைய இடத்தில் ஓர் இணைப்பை மட்டும் விட்டுவைத்தான். வீடு மாறிப்போனவர் பழைய கதவில் புது விலாசத்தை ஒட்டிவிட்டுப் போவாரே, அந்த மாதிரி. தினப்படி வேலைக்கு அது போதும். சின்னச் சின்னப் புதுப்பிப்புகளும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் இந்தப் பெரிய புதுப்பிப்பு ஒவ்வொரு பயனரின் மூட்டை முடிச்சையும் தூக்கி ஓரமாக வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப வைக்கும். இவள் கதவைத் தட்டினால் விலாசம்தான் இருக்கிறது, ஆள் இல்லை. அங்கே தடுக்கி விழுகிறது.

கணினி வாங்கின கடைக்காரருக்குப் போன் போட்டான்.

“அந்த அக்கவுண்ட்டை யாராச்சும் யூஸ் பண்றாங்களா சார்?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு வாடகை இல்லாம குடி வெச்சிருக்கீங்க? தூக்கிடுங்க. ரெண்டு கிளிக்கு. அப்டேட் வெண்ணெய் மாதிரி இறங்கும்.”

“சரி.”

வைத்துவிட்டான். பயனர்கள் பக்கத்தைத் திறந்தான். அவள் பெயருக்குக் கீழே ‘நீக்கு’ இருந்தது. அழுத்தினான். ‘இந்தப் பயனரையும் அவருடைய எல்லாக் கோப்புகளையும் நீக்கவா?’ என்று கேட்டது. சுட்டி ‘ஆம்’ மேல் நின்றது. அந்தக் கோப்புறையை அவன் ஒருநாளும் திறந்ததில்லை. திறக்காமலே முடித்துவிடலாம். அதுதான் இதிலுள்ள வசதி.

கதவு தட்டப்பட்டது.

மாமியார். ஞாயிறுதோறும் வருவார். அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் போன பிறகு மருமகனைத்தான் ரவுண்ட்ஸ் பார்க்கிறார்.

“கதவைத் திறக்க இவ்வளவு நேரமா மாப்பிள்ளை? ஆளுக்கு நாடி இருக்கா இல்லையான்னு வெளியிலேயே நின்னு யோசிக்க வேண்டியிருக்கு.”

“இருக்கு அத்தை.”

“சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“எப்போ? நேத்தா?”

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தார். கைப்பையை வைத்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

“என்னத்த நீக்கவான்னு கேக்குது?”

அவன் சொன்னான். நாளை காலை, எழுபத்தொன்று, விலாசம் ஒட்டின கதவு, கடைக்காரர் சொன்னது எல்லாம். அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வந்து பல மாதம் ஆகியிருந்தது. மாமியார் நின்றபடியே கேட்டார்.

“இதை அழிச்சாத்தான் வேலை நடக்குமா?”

“இல்ல. அவ சாமானையெல்லாம் பழைய வட்டுலேர்ந்து எடுத்து, மறுபடி அதோட சொந்த இடத்துல வெச்சாலும் நடக்கும்.”

“அப்ப வைக்க வேண்டியதுதானே?”

“இடம் இல்ல. அப்புறம்...” கொஞ்சம் நிறுத்தினான். “திறக்கணும்.”

மாமியார் சமையலறையிலிருந்து முக்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “திறங்க. நான் இருக்கேன்ல?”

அவன் ‘ரத்து’ அழுத்தினான்.

முதலில் இடம் வேண்டும். கணினியின் வேகமான சொந்த வட்டு முழுக்க அவன் வேலைதான்: பழைய வரைபடங்கள், அவற்றின் நகல்கள், நகல்களின் நகல்கள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தான். மாமியார் பதறினார்.

“ஐயையோ, அதெல்லாம் வேண்டாமா?”

“கட்டடம் எழும்பி ஆள் குடிவந்தாச்சு அத்தை. படம் எதுக்கு?”

பிறகு அவள் கோப்புறை. ‘இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது. கீழேயே ‘தொடர்’ என்றும் இருந்தது. வாசலில் நின்று கை நீட்டித் தடுத்துவிட்டு, அதே கையால் கதவைத் திறந்துவிடுகிற காவல்காரன். தொடர்ந்தான்.

வட்டு உறுமிக்கொண்டு எழுந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். டிக். சற்று இடைவெளி. டிக், டிக்.

அவன் முதுகு நிமிர்ந்தது.

“என்ன?”

“வட்டு சாகப் போகுது.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அறைக்குள் நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

“எவ்வளவு நேரம் தாங்கும்?” மாமியாரின் குரல் மாறிவிட்டது. வார்டுக் குரல்.

“தெரியாது. இன்னும் அஞ்சு நிமிஷமோ, அஞ்சு மணி நேரமோ. எல்லாத்தையும் ஒரேயடியா இழுத்தா நடுவுல நின்னுடும். எது முக்கியமோ அதை முதல்ல எடுக்கணும்.”

“எது முக்கியம்?”

அவனுக்குத் தெரியாது. அதுதான் விஷயம். கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. முழங்கால் மாமா. தோள்பட்டை டீச்சர். கழுத்து டிரைவர். பண்ணாமலே பண்ணினேன்னு சொல்றவர்.

மாமியாருக்குச் சிரிப்பு பீறிட்டது. “இந்தக் கடைசி ஆளைத் தெரியும் எனக்கு. எங்க ஆஸ்பத்திரி கம்பவுண்டர். அவரேதான்.”

டிக், டிக், டிக்.

“அத்தை, சீக்கிரம்.”

“எல்லாத்துலயும் அவதானே இருக்கா? சின்னதுலேர்ந்து எடுங்க. சின்னதெல்லாம் வந்துட்டா எண்ணிக்கையாவது மிஞ்சும். பெருசு அப்புறம்.”

அப்படியே செய்தான். பச்சைக் கோடு நகர்ந்தது. டீச்சர் வந்தார். டிரைவர் வந்தார். கம்பவுண்டர் அடம்பிடித்து, நின்று, ஒரு வழியாக வந்து சேர்ந்தார். மாமியார் ஒவ்வொருவர் வரும்போதும் “ம், அடுத்தவங்க” என்றார். முழங்கால் மாமாவின் கோப்பு ஒன்று பாதியில் மூச்சை விட்டது. வட்டு சுற்றுவதே நின்றுபோய், உடனே மறுபடி எழுந்து மிச்சத்தையும் கொடுத்தது. அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. பேண்டில் துடைத்துக்கொண்டான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை உள்ளே பார்க்கத் திருப்பினான். மாமியார் எழுந்து விசிறியை இன்னும் ஓரடி கிட்டே தள்ளிவைத்தார்.

கடைசியில் ஒரு கோப்புறை மிச்சம் இருந்தது. கம்பிக்காரன் முதுகு.

அவன் அசையவில்லை.

“உங்களுக்குப் பண்ணியிருக்காளா?”

“ஒண்ணு காட்டினா. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கேன்னு. நான் பண்ணல.” திரையில் வெறும் எண் போட்ட எட்டு வீடியோ இருந்தது. “இவ்வளவு இருக்குன்னு தெரியாது.”

இழுத்தான். ஒன்று வந்தது. இரண்டு. நான்கு வரை தடங்கல் இல்லை. ஐந்தில் பச்சைக் கோடு நின்றது. டிக் டிக் டிக் என்று விடாமல் அடித்தது வட்டு. ‘இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை. மீண்டும் முயல்க. தவிர். ரத்து.’

மீண்டும் முயன்றான். நின்றது. மீண்டும்.

“மாப்பிள்ளை, விடுங்க. மத்தது மூணு இருக்கு.”

“வரும்.”

“வராது. பாருங்க, சத்தம் ஜாஸ்தி ஆகுது. அதையே நோண்டினா மத்ததும் போயிடும்.”

“வரும்னு சொல்றேன்ல!”

கத்தியது தான்தான் என்று அவனுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. எத்தனையோ மாதமாக எங்கே போனதென்று தெரியாத கோபம், ஒரு வீடியோவுக்காக, செத்துக்கொண்டிருக்கிற ஓர் இரும்புத் துண்டின் மேல் வந்து நின்றது. ‘தவிர்’ அரை விரல் தூரத்தில் இருந்தது. சற்று முன் அவளை மொத்தமாக அழிக்கப் போனவன். இப்போது ஒன்றைத் தவிர்க்க அவன் விரல் வரவில்லை.

“எங்க வார்டுக்கு ஒரே நேரத்துல நாலு பேரைத் தூக்கிட்டு வருவாங்க,” மாமியார் மெதுவாகச் சொன்னார். “ஒருத்தரை விட்டுட்டு அடுத்தவங்ககிட்டப் போகணும். நர்ஸுங்கள்ல யாராவது ஒருத்தர் அப்படி விட்டுட்டுப் போய்த்தான் ஆகணும். பொதுவா நான்தான் போவேன்.”

அவன் கைமேல் தன் கையை வைத்தார். அவன் விரல் சுடச்சுட இருந்தது. அவர் தள்ளவில்லை, பிடுங்கவில்லை. சுட்டியைத் தானே நகர்த்தி, தானே அழுத்தினார்.

தவிர்.

ஆறு வந்தது. ஏழு, நீண்ட நேரம் இழுத்துப் பறித்துக்கொண்டு வந்தது. எட்டின் கடைசித் துளி இறங்கிய மறுநிமிடம் வட்டு ஒரு நீண்ட முனகலோடு நின்றது. திரையிலிருந்து அதன் பெயர் மறைந்தது.

மாமியார் விசிறியை அணைத்தார்.

அவன் விலாச இணைப்பை எடுத்தான். அவள் கோப்புறையை அதன் சொந்த இடத்தில் சொந்தப் பெயரோடு வைத்தான். உரிமையாளர் யார் என்ற இடத்தில் தன் பெயரை எடுத்துவிட்டு அவள் பயனரையே திரும்பக் குறித்தான். கணினியை அணைத்து, பழைய வட்டைக் கழற்றினான். கையில் பிடிக்க முடியாத சூடு. துண்டை மடித்து ஜன்னலோரம் போட்டு, வட்டை அதன்மேல் வைத்தான். பிறகு புதுப்பிப்பைத் தொடங்கினான்.

மாமியார் தான் திரும்பிப் போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டார்.

நாற்பது. ஐம்பத்தைந்து. ஒருதரம் கணினி அணைந்து எழுந்தது. அறுபது.

“நிக்கிற இடம் எது?”

“எழுபத்தொண்ணு.”

“என் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிக் கண் கொட்டாம முழிச்சதில்ல.”

“உங்க சம்பந்தி வீடுங்கறது எங்க வீடுதான் அத்தை.”

“அதான் சொல்றேன்.”

எழுபது. எழுபத்தொன்று. புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்திருப்பது தெரியாமல். அவன் மூச்சை எண்ணுவதுபோல வாயைத் திறந்து மூடினான்.

எழுபத்திரண்டு.

யாரும் கைதட்டவில்லை. அவன் கண்ணை மட்டும் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். அதன் பிறகு எண் விறுவிறுவென்று ஏறிற்று. நுழைவுத் திரை வந்தபோது வெளிச்சம் சாய்ந்திருந்தது. இரண்டு பயனர்களும் இருந்தார்கள். அவன் தன் பெயரை அழுத்தி உள்ளே போய், அலுவலக இணைப்பைத் தட்டிப் பார்த்தான். திறந்தது. ஒன்றும் செய்யாமல் மூடினான்.

“அந்த அஞ்சாவது?” என்றார் மாமியார்.

“போச்சு.”

“நான்தான் அமுக்கினேன்.”

“நீங்க அமுக்கலேன்னா ஏழும் எட்டும் வந்திருக்காது அத்தை.”

“அது கணக்கு. எனக்குத் தெரியாதா?” அவர் ஜன்னலோரம் இருந்த வட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுல என்ன பண்ணிக் காட்டியிருப்பா?”

“தெரியல. வந்ததோட முகப்புப் படத்தைப் பார்த்தா, நாலு வரைக்கும் இடுப்பு. ஆறுலேர்ந்து கழுத்து. நடுவுல என்னன்னு தெரியல.”

“நடு முதுகா இருக்கும். உங்களுக்கு அங்கதான் கூன் விழுது.”

அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“நல்லா ஆற விட்டா, சில வட்டு கடைசியா ஒரு தடவை சுத்தும்னு சொல்வாங்க,” என்றான். “எப்பவும் இல்ல. சில சமயம்.”

“சுத்தினா?”

“ஒரே ஒரு கோப்புதானே. அதுக்கு மட்டும் நேரம் கிடைக்கலாம்.”

மாமியார் எழுந்து போய் வட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

“இன்னும் சூடு இறங்கல.”

“இருக்கட்டும்.”

“நான் இருந்து பார்த்துட்டுத்தான் போவேன்,” என்று சொல்லி முக்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.