ஒரு சாண் சுவர்

சுவரை இடித்து இருபத்தொரு நாள் ஆகிவிட்டது. அது நின்ற இடம் மட்டும் கூடத்தின் தரையில் தழும்பு மாதிரி கிடந்தது. சிமெண்டு பூசி மூடிய நீளமான கோடு. வேலைக்குக் கிளம்பிய மகள் செருப்பை மாட்டப் போனவள், திரும்பி வந்து குனிந்து அந்தக் கோட்டின் அகலத்தைக் கையால் அளந்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை, சரியாக ஒரு சாண்.

"இன்னும் எத்தனை வாட்டிதான்டி அளப்ப? அது என்ன வளரவா போகுது?" என்றாள் அம்மா.

"நாலரை அங்குலச் சுவர்னு அந்த மேஸ்திரி சொன்னாரில்ல? ஒரு சாண் எப்படிம்மா நாலரை அங்குலம் ஆகும்?"

"பூச்சு கனமா இருந்திருக்கும்."

"நாலரை அங்குலத்துக்கா பூச்சு? அது பூச்சா, மெத்தையா?"

நாலரை அங்குல அரைச் செங்கல் சுவர் அறையைத் தடுக்கும், அவ்வளவுதான். ஒன்பது அங்குலத்து ஒரு செங்கல் சுவர் மாடியையே தாங்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டில் இதைச் சொன்னவள் பட்டம் வாங்கியவள் என்பதாலேயே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான். பட்டம் வாங்கிய அன்று அப்பா தெருவையே கூட்டிவைத்துச் சொல்லிக்கொண்டார். அன்றோடு சரி. அதன்பிறகு அவளுக்கு 'டிகிரி' என்ற பட்டப்பெயர்தான் மிஞ்சியது. டிகிரி, தண்ணி கொண்டா. டிகிரி, ஃபேனைப் போடு. டிகிரி, வாயை மூடு.

அப்பா முப்பது வருடம் வீடு மாற்றும் லாரியில் சுமை தூக்கியவர். ஊரார் வீட்டுப் பீரோவெல்லாம் அவர் தோளில் ஏறி இறங்கியிருக்கிறது. நிலைவாசலைப் பார்த்த மாத்திரத்தில் எந்தச் சோபா நுழையும், எது நுழையாது என்று சொல்லிவிடுவார். விரல் இடுக்கு இடைவெளி இருந்தால்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்படி எத்தனையோ அகலக் கூடங்களுக்குள் போய், சாமானை இறக்கி வைத்துவிட்டு, வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்த மனிதர். சொந்த வீடு வாங்கியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கூடம் அகலமாக இருக்க வேண்டும். நடுவில் நின்ற சுவரைக் காட்டி, "இது போகணும்" என்றார்.

மேஸ்திரி சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். "தடுப்புச் சுவர்தாண்ணே. எடுத்திரலாம். மேல ஒரு இரும்பு பீம் குடுத்தா நல்லது."

"பீமா? பீரோ தூக்கிட்டு வந்தா இடிக்குமே. பாக்கவும் நல்லா இருக்காது."

"சரி விடுங்க. இல்லைன்னாலும் நிக்கும்."

இந்தப் பேச்செல்லாம் நடந்தபோது மகள் அலுவலகத்தில் இருந்தாள். மாலையில் திரும்பியபோது சுவர் இல்லை. அப்பா கூடத்தின் நடுவில் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அவள் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்து வாயடைத்து நின்றதற்காகப் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். வீடு சேதமானவர்கள் எழுதித் தரும் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் அவள் வேலை. ஒரு வருடத்தில் ஆயிரத்துக்குமேல் ஏற்றியிருப்பாள். எழுத்து வேறு, தெரு வேறு. ஆனால் எல்லாரும் எங்கேயாவது ஓரிடத்தில் ஒரே வரியை எழுதியிருப்பார்கள். *அதுவரைக்கும் ஒண்ணும் தெரியலை.* கூடவே வரும் புகைப்படங்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். விரிசலின்மேல் மூன்று வருடத்து நாட்காட்டிகளை மாட்டி வைத்துவிட்டு ஒண்ணும் தெரியலையாம்.

சுவரை இடித்த நாலாம் நாள், சமையலறை நிலையின் மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு கோடு ஓடியது. தலைமுடி அகலம். அப்பா அதில் பட்டி பார்த்து வெள்ளை அடித்தார். இரண்டு நாளில் வெள்ளைக்கு மேலேயே கோடு வந்தது. அதே வாரம் வாசல் கதவு தரையில் உரசத் தொடங்கியது. "மழைக்கு மரம் உப்பும்" என்று சொல்லி உளியை எடுத்துக் கதவின் அடியைச் செதுக்கினார்.

"மழை எங்கப்பா பெய்ஞ்சுது?"

"பெய்யும்."

அலுவலகக் கோப்புகளில் படித்த ஒரு வித்தையை அவள் செய்தாள். விரிசலுக்குக் குறுக்கே ஒல்லியான காகிதப் பட்டையை வைத்து, இரண்டு நுனியையும் பசை போட்டு ஒட்டி, தேதி எழுதினாள். சுவர் அசையாமல் இருந்தால் பட்டை அப்படியே இருக்கும். அசைந்தால் கிழியும்.

"சுவருக்குப் பிளாஸ்திரி போட்டாச்சா? ஊசி எப்போ?" என்றார் அப்பா.

"கிழிஞ்சா சொல்லுங்க, போடறேன்."

தினமும் காலையில் பல் விளக்குமுன் அவள் முதலில் பார்ப்பது அந்தப் பட்டையைத்தான். கிழியவில்லை. அடுத்த நாளும் கிழியவில்லை. ஒரு வாரம் போனது, பத்து நாள் போனது. பட்டை முழுசாக இருந்தது. அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. வீம்புக்குத்தான் அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறோமோ என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் தொலைபேசியில் அழைத்தான். மனைவி, எட்டு மாதக் குழந்தையோடு மாடி அறைக்குக் குடிவருவதாக ஏற்பாடு. இடித்த சுவருக்கு நேர் மேலே இருந்த அறை அது.

"அப்பா சொல்றதை விடு. டிகிரி, நீ சொல்லு. குழந்தையோட வரலாமா?"

கேலிக்கு வைத்த பெயரை முதன்முறையாக ஒருவர் கேலியில்லாமல் சொன்னார். அவள் எட்டிப் பட்டையைப் பார்த்தாள். முழுசாக இருந்தது.

"வாண்ணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்தது. அப்பாவுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. பழைய கூட்டாளி ஒருவரும் உதவிக்கு வந்திருந்தார்.

"கனமான சாமானைச் சின்னப் பெட்டியில போடுன்னு சொன்னனா இல்லையா? புத்தகத்தையெல்லாம் இம்மாம் பெரிய பெட்டியில அடைச்சிருக்கியே, இதைத் தூக்க உன் மாமனாரா வருவாரு?" என்று மகனை விரட்டினார். "பீரோ கதவைக் கயிறு போட்டுக் கட்டு. சாவியைப் பூட்டுல விடாத, வளைஞ்சிரும். முதல் நாளைக்கு வேண்டிய பை எங்க? மருந்து, மாத்துத்துணி, சார்ஜர் எல்லாம் அதுல இருக்கா? அது லாரியில ஏறவே கூடாது, கையிலதான் வரணும்."

"கையிலதான் இருக்கு மாமா" என்று அண்ணி பையைத் தூக்கிக் காட்டி, நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பீரோ வந்தது. இரும்புப் பீரோ. அண்ணன் மேல்பக்கத்தைப் பிடித்தான். அப்பாவும் கூட்டாளியும் அடியில் தோள் கொடுத்தார்கள். "கனம் எப்பவும் கீழ இருக்கணும். என்மேல விடு" என்றார் அப்பா.

மகள் பையை மாட்டச் சமையலறைப் பக்கம் போனாள். ஆணி அந்த நிலைக்குப் பக்கத்தில் இருந்தது. இத்தனை நாளும் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் தள்ளி நின்று பார்த்த பட்டை, பையை மாட்டியபோது முகத்துக்கு நேரே வந்தது.

தேதி அவள் எழுதிய தேதிதான். ஆனால் எழுத்து அவளுடையது இல்லை. இலக்கங்கள் ஒவ்வொன்றும் கோலம் மாதிரி அழுத்தி, நின்று நின்று வரையப்பட்டிருந்தன. எழுதத் தெரியாத ஒருவர், எழுதியதைப் பார்த்து வரைந்த எண்கள். பட்டையின் இரு நுனியிலும் பசை பொருக்குத் தட்டி, அடுக்கடுக்காக ஏறியிருந்தது.

"அம்மா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகளின் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"அந்தக் காகிதம் பொசுக்கு பொசுக்குன்னு பிஞ்சுபோச்சுடி. உன் பசை சரியில்லைன்னு நினைச்சேன். காலங்காத்தால நீ அதைப் பாத்துட்டு வேலைக்குப் போய் என்னத்தைப் பண்ணுவ? அதான் நல்ல பசையா காய்ச்சி…"

"எத்தனை வாட்டிம்மா?"

அம்மா அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே கிழிந்த பட்டைகள். ஏழு. எழுத்து இருக்கிற காகிதத்தை அவள் எப்போதுமே தூக்கிப் போட்டதில்லை. மகளின் ஒன்றாம் வகுப்பு நோட்டுகூட அவளிடம் பத்திரமாக இருக்கிறது.

"பசைன்னு நெசமாவே நினைச்சியாம்மா?"

"முதல் ரெண்டு தடவை நினைச்சேன்." அம்மாவின் குரல் உள்ளே போனது. "அப்புறம் உங்கப்பா அந்தக் கூடத்துல கையை விரிச்சுக்கிட்டு நின்னது கண்ணுக்குள்ளயே இருந்துச்சு."

மகளுக்கு உச்சியில் ஏறிய கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. அம்மா தன்னை ஏமாற்றியதா பெரிது, தான் "வாண்ணா" என்று சொன்னதா பெரிது?

"இது எப்ப ஒட்டினது?"

"காலையில. பால் வாங்கிட்டு வந்து."

மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டை பறைத்தோல் மாதிரி விறைத்திருந்தது. மேல் விளிம்பில் அரை விரற்கடைக்குக் கிழிசல் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம் பீரோ முதல் படியில் ஏறி உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதிப் பட்டையும், யாரோ இரு கையாலும் பிடித்து நிதானமாகக் கிழிப்பது போல், சத்தமில்லாமல் இரண்டானது.

மகள் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள். பீரோ நாலாம் படியில் நின்றது. படிக்கட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே அண்ணன். அவனுக்கும் மேலே அறையில் அண்ணியும் குழந்தையும்.

"இறக்குங்கப்பா. எல்லாரும் வெளிய போகணும்."

"டிகிரி, ஓரமா நில்லு. கால்ல விழுந்திரப் போகுது."

"சுவர் நகருதுப்பா!"

"ஆமா, நேத்து பக்கத்துத் தெரு வரைக்கும் போய்ட்டு வந்துச்சு." கூட்டாளி சிரித்தார்.

பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். பேசித்தானே இத்தனை நாள் தோற்றாள். பீரோவுக்குத் தோள் கொடுத்து நின்ற அப்பாவின் கண்ணுக்கு நேரே, கிழிந்த பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"இதெல்லாம் அந்த இடத்துல அம்மா மாத்தி மாத்தி ஒட்டினது. எல்லாம் பதினஞ்சு நாளைக்குள்ள. எட்டாவது இப்ப என் கண்ணு முன்னாடி கிழிஞ்சுது."

அப்பா பட்டைகளைத் தாண்டி, முதன்முறையாக, சமையலறை நிலையைப் பார்த்தார். முப்பது வருடம் நிலைவாசல்களை அளந்த கண்கள். நிலையின் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் உயரம் ஒன்றாக இல்லை. அது அவருக்கு இன்றுதான் தெரிந்ததா, முன்பே தெரிந்தும் பார்க்காமல் இருந்தாரா, அவள் கேட்கவில்லை. அவர் நெற்றியில் வியர்வை பொடித்தது. அது பீரோவின் கனத்தால் அல்ல.

"இறக்கணும்" என்றார். தழைந்த குரல். "தம்பி, நீ பிடியை விட்டுறாத. ஒவ்வொரு படியா. தொம்முன்னு வைக்கக் கூடாது. பூ மாதிரி வைக்கணும்."

"என்னப்பா ஆச்சு?"

"கேள்வி கேக்காத. இறக்கு."

நாலு படி. அந்த நாலு படிக்கு ஆன நேரத்தில் கூடத்தின் கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் மாவு சலிப்பது போல் அப்பாவின் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. கையை எடுக்க முடியாததால் அவர் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். பீரோவைச் சுவரோரம் சாய்த்ததும் மேலே பார்த்து, "அம்மாடி, குழந்தையைத் தூக்கிட்டு இறங்கி வா. ஓடாத. சுவரை ஒட்டியே வா" என்றார்.

அண்ணி முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "அறைக் கதவு திறக்க மாட்டேன்னுச்சு மாமா. இழுத்து இழுத்து இப்பதான்…"

"பேச வேண்டாம். வெளிய போ."

எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். வெயில் அடித்தது. பாதி இறக்கிய லாரி நின்றது. முதல் நாள் பை உள்ளேயே ஆணியில் தொங்கியது. அண்ணி அது நினைவு வந்து சொல்ல வாயெடுத்தாள். மாமனார் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "வாண்ணான்னு சொன்னியே" என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அப்பா பழக்கதோஷத்தில் வாசல் கதவைப் பூட்டப் போனார். கதவு மூடவில்லை. தள்ளிப் பார்த்தார். தோளைக் கொடுத்து அழுத்தினார். கதவுக்கும் நிலைக்கும் இடையே மேலே ஒரு விரல் நுழைந்தது, கீழே சீட்டுகூட நுழையவில்லை. "நேத்துதானே மறுபடி செதுக்கினேன்" என்று யாருக்கோ சொன்னார். பிறகு, சூடு பட்டவர் போல் கையை எடுத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து வந்தார்.

"இன்னும் தள்ளிப் போங்க. அந்தப் பக்கம். தெருவுக்கு அந்தப் பக்கம்."

போனார்கள். அம்மா மகளிடமிருந்து திரும்ப வாங்கிய தகர டப்பாவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அப்பா ஒவ்வொருவராக விரலை நீட்டி எண்ணினார். மனைவி, மகன், மருமகள், குழந்தை, மகள், கூட்டாளி. ஒருவரும் குறையவில்லை. திருப்தியில்லாமல் மறுபடி எண்ணினார்.

அப்போது வீட்டுக்குள்ளே, கூடத்தின் நடுவில், ஒரு சத்தம் கேட்டது. கனமான சாமானைத் தூக்காமல் தரையோடு சேர்த்து மெல்ல இழுக்கிற சத்தம். நின்றது. மறுபடி தொடங்கியது.

"உள்ள யாரு மாமா சாமான் நகத்துறது?" என்றாள் அண்ணி.

அப்பா மூன்றாம் முறையாக விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார்.