பதினான்கு வருடம் அழுத இடது கண்

வலது கண்ணுக்கு லேசர் போட்ட மூன்றாம் நாள், மாக் சுயிஃபோங்கின் இடது கண் மட்டும் அழத் தொடங்கியது. நாளுக்கு ஒரு சூப்புக் கிண்ணம்; பண்டிகை நாட்களில் ஒன்றரை.

குவாங்சோவில் ஒரு தேநீர் விடுதியில் இறால் கொழுக்கட்டை மடிப்பது அவள் வேலை. அவள் கண்ணுக்குள் நீர் வடியும் வழி குறுகல், திடீரென்று அடைத்தால் பார்வை போய்விடும் என்று கண் பரிசோதனை முகாமில் சொன்னார்கள். அவளுடைய அக்கா அப்படித்தான் ஒரே நாளில் பார்வையிழந்தாள். பயந்துபோன சுயிஃபோங், முகாம் நடத்தியவர்களின் லேசர் ஆராய்ச்சியில் சேர்ந்தாள். லேசரால் கருவிழியில் ஊசிமுனை அளவு ஓட்டை போடுவார்கள், ஆனால் குலுக்கலில் விழுந்த ஒரு கண்ணுக்கு மட்டும். மற்றதைச் சும்மா விட்டு, வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். எதையும் ஜோடியாகவே கொடுக்கிற ஊரில் இது எந்தக் கண்ணுக்குப் பொறுக்கும்? தன் இரட்டைப் பெண்களுக்கு முட்டை டார்ட் என்ற இனிப்பைக் கத்தி வைத்துச் சரிபாதியாக அறுத்தே ஓய்ந்துபோனவள் சுயிஃபோங். அந்த அழுகை அவளுக்குப் புதிதல்ல.

"வாய மூடுடி! உனக்கும் போடுவாங்க!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்துவாள்.

"கண்ணுக்கு ஏதுடி வாய்?" என்பார் கணவர் லாம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உங்களுக்கு இருக்கில்ல? அத மூடுங்க."

கொழுக்கட்டை கரிக்கிறது என்று விடுதியில் புகார் வந்தது. தலைமைச் சமையல்காரர் பூரணத்தில் உப்பைக் குறைத்தார். அவள் இடது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மடித்தாள். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஹோவிடம், இடது கண்ணுக்கும் போடச் சொல்லி வருடா வருடம் கெஞ்சினாள். கண்ணில் அழுத்தம் ஏறவில்லை, ஏறினால்தான் போடலாம் என்பார் அவர். பிறகு வலது கண்ணின் ஓட்டை அழகாக இருப்பதாகப் பாராட்டுவார். உடனே இடது கண் கொட்டித் தீர்க்கும். பரிசோதனைக் கருவிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டார்கள்.

பதினான்காம் வருடம் ஆராய்ச்சி முடிந்தது.

"ரெண்டு கண்ணுமே நல்லா இருக்கும்மா. உங்களுக்கு லேசரே தேவைப்பட்டிருக்காது போல."

சுயிஃபோங்குக்கு வந்ததே ஆத்திரம்! "அப்ப இவ்வளவு வருஷமா இவ எதுக்கு அழுதா? ஒரு ஓட்டையப் போட்டு விடுங்க, சனியன் ஒழியட்டும்!"

"தேவையில்லாம போடக் கூடாதும்மா."

"அத எங்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க!"

டாக்டர் குனிந்து, இடது கண்ணிடம் மரியாதையாகவே சொன்னார்: "உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அந்த ஓட்டை இல்லாமலே நீங்க நல்லா இருக்கீங்க."

அழுகை சட்டென்று நின்றது. பதினான்கு வருடத்தில் முதல்முறையாக இரண்டு கன்னமும் உலர்ந்து, பேருந்தில் வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வலது கண் அழத் தொடங்கியது. டாக்டர் சொன்னது அதற்கும் கேட்டிருக்கிறது. சுயிஃபோங் துண்டை எடுத்து வலது தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.