கிரீஷ் நம்பருக்குப் போன ஓடிபி

வேம்புவுக்குத் தம்பியைப் பிடிக்காது என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. மாடியில் கிரீஷ் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டால்கூட வேம்புவுக்குக் கீழே காபி கசக்கும். மயிலாப்பூரில் அவர்கள் அப்பா கட்டிய வீடு அது. கீழ்த்தளமும் மொட்டைமாடி அறையும் அண்ணனுக்கு, முதல் மாடி தம்பிக்கு, நடுவே ஏறும் படிக்கட்டு இருவருக்கும் பொது என்று பத்திரம் எழுதி நாலு வருஷம் ஆகிறது. அந்த நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் செல்போனைப் பார்ப்பார்.

இப்போது அந்தப் படிக்கட்டு விளக்கில்தான் வினை வந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரே சமையல் ஒரே பந்தி என்று இருந்த காலத்தில், சாஃப்ட்வேர்க்காரனான கிரீஷ் வீடு முழுக்க டிம்மர் சுவிட்ச் மாட்டினான். விரல் பட்டால் விளக்கு மெல்லக் கூடும், மெல்லக் குறையும். எல்லாவற்றையும் ஆட்டிவைக்க டிவிக்குப் பக்கத்தில் ஹப் என்று ஒரு வெள்ளை டப்பா. படிக்கட்டு விளக்குகளுக்கு, கீழ்த்தளத்தில் ஒரு டிம்மர், மொட்டைமாடி வாசலில் ஒரு டிம்மர். இரண்டும் ஒத்துப்போவது அந்த டப்பா வழியாகத்தான். பாகம் பிரிந்ததும் கிரீஷ் தன் மாடிக்குப் புதிதாக வேறு ஏற்பாடு செய்துகொண்டான். கீழே இருந்தது இருந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் மொட்டைமாடி டிம்மர் செத்துப்போயிற்று. ராயப்பேட்டையிலிருந்து வந்து போகிற எலக்ட்ரீஷியன் ஹம்மாத், இந்த மாடல் இப்போது வருவதில்லை, எதை வாங்கினாலும் முதலில் மாட்டினவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னான். மாட்டினவரைக் கேட்பதா? வேம்பு அன்று மதியமே ஆன்லைனில் இருப்பதிலேயே புதுசாக ஒன்றை வரவழைத்தார். முப்பது வருஷம் பேங்கில் வேலை பார்த்தவருக்கு ஒரு சுவிட்ச் வாங்கத் தெரியாதா என்ன.

புதுசு பழைய டப்பாவோடு சேரமாட்டேன் என்றது. கீழே இருந்த டிம்மர் வெளிச்சத்தைக் குறைத்தால் மேலே இருந்தது கூட்டும். நடுவில் மாட்டிக்கொண்ட விளக்குகள் படபடவென்று துடித்தன. அந்தத் துடிப்பில் எது படி எது நிழல் என்றே தெரியாது.

அந்தப் படியில் தினமும் சாயங்காலம் பதினோரு பேர் ஏற வேண்டும். வேம்புவின் மனைவி ஸ்ரீரஞ்சனி இருபத்திரண்டு வருஷமாக மொட்டைமாடி அறையில் வீணை வகுப்பு நடத்துகிறாள். போன வாரம் ஒரு பெண் படி தவறிக் கணுக்கால் பிசகிக்கொண்டாள். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் விளக்குச் சரியாகாவிட்டால் நாங்களும் அனுப்பமாட்டோம் என்று மற்ற பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீரஞ்சனி அழவில்லை, கத்தவில்லை. சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் வகுப்பை மூடிவிட்டு வீணைகளை யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்றாள். அவள் சொன்னால் செய்வாள். வேம்பு பயந்துபோனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹம்மாத் புதிய டப்பாவோடு வந்தான். பழைய தலைமுறை, புதிய தலைமுறை இரண்டையும் அது சேர்த்துக்கொள்ளும் என்றான். மாட்டினான். செல்போனில் எதையோ தட்டினான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"பழசு எல்லாம் உங்க தம்பி பேர்ல கீது சார். அவர் நம்பருக்கு ஓடிபி போய்க்கீது. அதச் சொன்னாதான் உங்க பேருக்கு மாறும்."

ரீசெட் செய்தால் என்ன என்று வேம்பு கேட்டார். இன்னும் கெட்டியாகப் பூட்டிக்கொள்ளும் என்றான் ஹம்மாத். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாதா சுவிட்ச் போட்டால்? அதற்குப் புது வயர் இழுக்க வேண்டும், சுவரை உடைக்க வேண்டும், உடைக்கிற சுவர் கிரீஷ் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரீஷ்தான் நின்றான்.

நீயே போய் வாங்கிக்கொண்டு வா என்று வேம்பு ஹம்மாதை அனுப்பினார். போன சுருக்கில் அவன் திரும்பி வந்து, அண்ணனே நேரில் வரவேண்டுமாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். திரும்பவும் ஓடிபி அனுப்பச் சொல்லிவிட்டு வேம்பு எழுந்தார். ஸ்ரீரஞ்சனி கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

துடிக்கிற வெளிச்சத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேம்பு ஏறினார். கதவு திறந்தே இருந்தது. கிரீஷ் செல்போனோடு வாசற்படியில் நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. அது வேம்புவுக்குப் புதுச் செய்தி.

"என்ன வேணும்?"

"உனக்குத் தெரியும்."

"தெரியும். நீ சொல்லு."

"ஓடிபி."

கிரீஷ் செல்போனைப் பார்த்தான். "பத்து நிமிஷம்தான் செல்லும். அப்பா திவசத்தன்னிக்கு நீ என்ன பண்ணினேன்னு உன் வாயால சொல்லு. தப்புன்னு சொல்லு. நம்பர் தரேன்."

வேம்புவுக்குக் காது சுட்டது. அவர்கள் வீட்டு வழக்கத்தில் திவசத்தை மூத்தவன் செய்வான், இளையவன் கூட நிற்பான். பாகம் பிரிந்த வருஷம், மொட்டைமாடி அறை யாருக்கு என்ற சண்டையின் சூடு ஆறாத சமயம், வேம்பு ஒரு காரியம் செய்தார். திவசத்தைச் சத்தமில்லாமல் தி.நகரில் ஒரு மடத்துக்கு மாற்றினார். தம்பி தனியாகச் செய்துகொள்கிறான் என்று செய்துவைக்கிற வாத்தியாரிடம் பொய் சொன்னார். காலையில் கிரீஷ் குளித்துவிட்டு, நனைத்துப் பிழிந்த வேஷ்டியோடு இதே படியில் இறங்கி வந்தபோது அண்ணன் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அவன் வேறு வாத்தியாரைத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது போய்விட்டது. அந்த வருஷம் அப்பாவுக்கு அவன் கையால் ஒரு பிண்டம் விழவில்லை.

"பிளாக்மெயில் பண்றயா?" என்றார் வேம்பு.

"ஆமா."

வேம்பு விடவில்லை. பெற்றவரை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டது யார் என்று ஆரம்பித்தார். அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே பத்திரப் பேச்சை எடுத்தது யார் என்று கிரீஷ் கேட்டான். மன்னியின் நகை, காரை நிறுத்தும் இடம், முறித்துப்போட்ட மாமரக் கிளை என்று இருவரும் மாறி மாறி அள்ளிக் கொட்டினார்கள். அத்தனை வருஷத்துக் குப்பையும் அந்த வாசற்படியில் வந்து விழுந்தது. நடுவில் கிரீஷ் நிறுத்தி, "ஆறு நிமிஷம் ஆயாச்சு" என்றான்.

வேம்பு திரும்பி இரண்டு படி இறங்கினார். கீழே ஸ்ரீரஞ்சனி படியடியில் வந்து நின்றிருந்தாள். துடிக்கிற வெளிச்சத்தில் அவள் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வேம்பு மறுபடி ஏறினார்.

"உன்னை விட்டுட்டு அப்பாவுக்குத் திவசம் பண்ணினேன். வேணும்னேதான் பண்ணினேன். தப்பு."

சொல்லி முடித்ததும் அவருக்கு நெஞ்சு லேசானது. நாலு வருஷமாக உள்ளே கிடந்தது இவ்வளவுதானா என்றிருந்தது. இனி உள்ளே வா என்பான், உட்கார் என்பான் என்று எதிர்பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

கிரீஷ் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, கீழே கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தான். ஹம்மாத் கீழேயிருந்து ஆச்சு சார் என்றான். படிக்கட்டு விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. பிறகு ஆடாமல் அசையாமல் நின்றன.

"அந்த அக்கவுண்டை நாலு வருஷமா அழிக்காம வெச்சுண்டிருந்தேன்" என்றான் கிரீஷ். "என்னிக்காவது நீ இதுக்காக ஏறி வந்துதானே ஆகணும்னு. வந்துட்டே, நானும் கேட்டாச்சு." கட்டைவிரலால் செல்போனில் ஓர் இடத்தில் அழுத்தினான். "அழிச்சுட்டேன். இனிமே உனக்கு இங்க ஏறி வர ஒரு காரணமும் கிடையாது."

அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. கதவை அவன் பதமாகத்தான் சாத்தினான், தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தம்பி இத்தனை நாளும் அண்ணன் வருவதற்கென்று ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தான் என்பது வேம்புவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வழியில் அவர் முதல் வருஷமே வந்திருக்கலாம். ஒரு சுவிட்சுக்காக வந்தார்.

நல்ல வெளிச்சத்தில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேம்பு இறங்கினார். நாளைக்கு எல்லாரையும் வரச்சொல்லலாமா என்று ஸ்ரீரஞ்சனி கேட்டாள். சொல்லு என்றார். அவள் நகரவில்லை.

"ஏன்னா, கடைசியில மெதுவா ஏதோ பேசினானே, என்ன சொன்னான்?"

"நம்பர் சொன்னான்" என்றார் வேம்பு.